அடிமட்டம் பிடித்த கை

வாசகரே, நமது நாட்டில் கலைஞர் இருக்கிறார்கள். கலையை ரசிப்பவர்களும், அவ்வளவு தொகையாக இல்லாவிட்டாலும், இருக்கிறார்கள். இந்த இரு பகுதியாருக்கும் நடுவே, எந்தப் பகுதியிலும் சேர்க்க முடியாதபடி மூன்றாவதாக ஓர் இனம் உண்டு. அதற்கு நான் வைத்திருக்கும் பெயர் 'சும்மா செய்தவர்'.

பெயர் நான் கண்டுபிடித்ததல்ல. அவர் வாயிலிருந்தே எடுத்தது. நீங்கள் ஏணி இரவல் கேட்கவோ, திருவிழாவுக்கு உபயம் சேர்க்கவோ, வேலி எல்லையைப் பற்றிச் சண்டை பிடிக்கவோ அவர் வீட்டுக்குப் போகிறீர்கள். விறாந்தையில் கால் வைத்ததும் ஏதோ ஒன்று முழங்காலில் இடிக்கிறது. குனிந்து பார்த்தால் மரத்தாலான ஒரு மான். "இது ஆர் செய்தது?" என்று கேட்கிறீர்கள். கேட்காமல் இருக்க முடியாது, முழங்கால் நோகிறது.

"ஆ, உதோ?" என்கிறார் அவர், அந்த மானை அப்போதுதான் முதன்முதலாகக் காண்பவர் போல. "உது நான் சும்மா செய்தது."

சும்மா! அந்த மானைச் சும்மா செய்வதற்கு ஒரு மாரியும் ஒரு கோடையும் பிடித்தன. உளிகள் முறிந்தன. மனைவியின் அம்மிக்கல் சாணைக்கல்லாக மாறியது. அது வழியில் நின்றதும் சும்மா அல்ல. நீங்கள் படலையைத் திறக்கும் சத்தம் கேட்டதும் அவரே அதை அலுமாரிப் பக்கமிருந்து இழுத்து வந்து அங்கே நிறுத்தி, தேங்காயெண்ணெய்த் துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு, ஓடிப்போய்ச் சாய்மனைக் கதிரையில் விழுந்து, போன மாதத்துப் பத்திரிகை ஒன்றில் ஆழ்ந்துபோனார்.

இந்த இனத்தைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நில அளவைக் கந்தோரில் படம் வரைகிறவனாக இருந்து இளைப்பாறிய நான், எதையும் நேரில் பாராமல் எழுதுவதில்லை. இந்த இனத்தின் மாதிரி ஒன்றைப் பல வருடங்களாக மிக அருகிலிருந்து கவனித்து வருகிறேன். காலையில் முகம் வழிக்கும்போது கண்ணாடியில் அது என்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆகவே இனி அவர் என்று எழுதி உங்களை ஏமாற்றப் போவதில்லை. நான் என்றே எழுதுகிறேன்.

எங்கள் இனத்தார் தாம் செய்த பொருள்களுக்குப் பெயர் வைப்பதில் ஒரு விதி உண்டு. பொருள் நினைத்தபடி வந்துவிட்டால் அதற்கு அதன் சொந்தப் பெயர்: மான், கொக்கு, நெல்லுக் குத்தும் பெண். நினைத்தபடி வராவிட்டால் ஒரு குணத்தின் பெயர்: ஏக்கம், பொறுமை, விதி. என்னிடம் இருப்பவற்றில் குணங்களே அதிகம்.

'துறவு' என்ற சிற்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிணற்றடியில் நின்ற பூவரசு ஒரு சோளகக் காற்றில் விழுந்தபோது அதன் அடிமரத்தில் எனக்கு ஒரு படுத்திருக்கும் இடபம் தெரிந்தது. எங்கள் இனத்தாருக்கு விழுந்த மரம் எதிலும் ஏதாவது தெரியும். விழாத மரங்களிலும் தெரியும், அதனால்தான் அயலார் எங்களைத் தங்கள் வளவுக்குள் தனியே விடுவதில்லை. இடபத்தின் ஒரு கொம்பு முறிந்தது. மற்றதையும் எடுத்துவிட்டுப் பசுக்கன்று என்றேன். கன்றின் ஒரு செவி பிளந்தது. செவிகளையும் எடுத்துவிட்டு ஆமை என்று சில காலம் சொல்லிப் பார்த்தேன்; ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. கொம்பும் செவியும் வாலும் போன பிறகு, தலை குனிந்து முதுகு வளைந்து, உலகத்தில் வேண்டியது ஒன்றும் இல்லை என்பது போல அது உட்கார்ந்திருந்தது. 'துறவு' என்று பெயர் வைத்தேன். அதன்பின் பார்த்தவர்கள் எல்லாரும், "ஓம், ஓம்" என்று தலையாட்டினார்கள்.

என் மனைவி பராசக்தி மட்டும் ஆட்டவில்லை. அவள் என் சிற்பங்களை வைத்திருப்பது வேறொரு கணக்கில். மாரியில் விறகு நனைந்துவிட்டால் அவளுடைய கண் விறாந்தைப் பக்கம் போகும். அப்போது என் கண் அவளுடைய கையின் பக்கம் போகும்.

மரம் வெடிக்கும். மரத்தைக் கறையான் தின்னும். மனைவியும் இருக்கிறாள். இந்த மூன்று ஆபத்துக்காகத்தான், சிற்பங்களுக்கு ஒரு பதிவு இருக்கட்டும் என்று, கால்கள் மூன்றும் கறுப்புத் துணியும் உள்ள ஒரு படப்பெட்டி வாங்கினேன். தொடங்கியது அப்படித்தான். ஒரு பதிவு எடுத்த மனிதன் அத்தோடு நிற்பானா? முன்பக்கம், பின்பக்கம், காலை வெயிலில், மாலை வெயிலில், மழை இருட்டில். சிற்பத்தைப் பதிவு செய்யப் படம் எடுத்தவன், சில வருடங்களில் படம் எடுப்பதற்காகச் சிற்பம் செய்கிறவனாகிவிட்டேன். ஒருமுறை அந்த மானை மாட்டுவண்டியில் ஏற்றி அரியாலைக் கடற்கரைக்குக் கொண்டுபோய், அலை அதன் காலை நனைக்கும் இடத்தில் நிறுத்தினேன். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஐயா, உதை நேத்திக்கடனுக்குக் கடலிலை விடப்போறியளோ?"

"இல்லை. படம் எடுக்கப்போறன்."

அவர் மானைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "விட்டால் நல்லது," என்றார்.

படம் எடுப்பதில் எனக்கு ஒரு பிடிவாதம். அளவு இல்லாத படம் பொய்ப்படம். ஒரு சாண் கொக்கையும் ஒரு ஆள் உயரக் கொக்கையும் படத்தில் ஒன்றாகக் காட்டிவிடலாம். நில அளவைக் கந்தோரில் தலை நரைத்தவன் அதைப் பொறுப்பானா? ஆகவே ஒவ்வொரு சிற்பத்துக்கும் பக்கத்தில் அங்குலக் கோடு போட்ட ஓர் அடிமட்டம் நிமிர்த்திப் பிடித்திருக்க வேண்டும். அடிமட்டம் தானாக நிற்காது. யாராவது பிடிக்க வேண்டும். அந்த வேலையை என் மகள் பாலேஸ்வரி செய்து வந்தாள். அவளுடைய கை ஆடாது.

இனி அந்தப் பாலேஸ்வரியின் கலியாணத்தை நான் எப்படிக் கெடுக்கப் பார்த்தேன் என்று சொல்லுகிறேன்.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம். 'விதி'யின் மூக்கை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தேன். பராசக்தி வந்து முன்னால் நின்றாள்.

"இஞ்சேருங்கோ, நாளைக்கு வட்டுக்கோட்டையாலை பஞ்சலிங்கத்தாரும் பெண்சாதியும் வருகினம். அவர் பெடியன்ரை தாய்மாமன். பெடியன் சீவரத்தினம் மலாயாவிலை, ஈப்போவிலை, ரயில் கந்தோரிலை. முந்தி வந்த ரண்டும் சாதகக் குறிப்பாலை தட்டிப்போச்சுது. இது பொருந்தியிருக்குது."

"நல்லது."

"அரத்தை வையுங்கோ. வந்தால், பிள்ளையைப் பாக்க வந்தம் எண்டு சொல்லாயினம். உங்கடை சிலையளைப் பாக்க வந்தம் எண்டுதான் சொல்லுவினம். அது சாட்டு. விளங்குதோ?"

"விளங்குது."

"நம்பிப் போடாதேங்கோ."

"நான் என்ன குழந்தைப்பிள்ளையோ?"

"நான் இருமினால் நிப்பாட்டிப் போடுங்கோ," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எங்கள் பகுதி வழக்கம் வெளியூர் வாசகருக்குத் தெரியாதிருக்கலாம். பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பார்க்க வந்ததாகச் சொல்லக் கூடாது. பிடிக்காமல் போனால் இரு பகுதிக்கும் முகம் முறியுமல்லவா? புகையிலைக் கன்று கேட்க வந்ததாக, வழி தவறி வந்ததாக, தண்ணீர் விடாய்த்து வந்ததாகச் சொல்ல வேண்டும். எங்கள் அயலில் ஒரு வீட்டுப் பசுக்கன்றை ஒரே வருடத்தில் ஐந்து பகுதியார் வந்து பார்த்தார்கள். கன்றை விற்கும் எண்ணம் வீட்டாருக்கு ஒருபோதும் இருந்ததில்லை. ஆறாவது பகுதியாரில் மகளுக்குக் கலியாணம் முற்றாயிற்று. கன்று கிழப்பசுவாகி அங்கேயே நிற்கிறது.

வெள்ளிக்கிழமை காலை அவர்கள் வந்தார்கள். பஞ்சலிங்கத்தார் உயர்ந்த, மெதுவாகக் கதைக்கிற மனிதர். அவர் மனைவி நல்லம்மா குள்ளம், அதிகம் கதைக்கவில்லை, அவருடைய கண் மட்டும் உள் கதவிலேயே இருந்தது. இராகுகாலம் தொடங்கமுன் பெண்ணைப் பார்த்துவிட்டு எழும்ப வேண்டும் என்பது இரு பகுதிக்கும் தெரிந்த விஷயம்.

"அண்ணை," என்றார் பஞ்சலிங்கத்தார், முழங்காலைத் தடவிக்கொண்டு, "உங்கடை மரச்சிலையளைப் பற்றி ஊரெல்லாம் கதை. இந்தப் பக்கம் ஒரு அலுவலாய் வந்தனாங்கள். ஒருக்காப் பாத்திட்டுப் போவம் எண்டு."

வாசகரே, அது சாட்டு என்று எனக்குத் தெரியும். முதல்நாளே சொல்லிவிட்டார்கள். ஆனால் சற்று யோசித்துப் பாருங்கள். பார்க்க வந்தோம் என்பது சாட்டாக இருக்கலாம்; ஊரெல்லாம் கதை என்றாரே, அதுவும் சாட்டாக இருக்க வேண்டும் என்று ஏதாவது கட்டாயம் உண்டா?

"உதெல்லாம் சும்மா செய்தது," என்று எழும்பினேன்.

மானில் தொடங்கினேன். மானுக்கு என்ன மரம், அந்த மரத்துக்கும் முதிரைக்கும் உள்ள வேற்றுமை, வைரம் எங்கே தொடங்குகிறது, உளியை எந்தச் சாய்வில் பிடிக்க வேண்டும், சாய்வு தவறினால் என்ன ஆகும். என்ன ஆகும் என்பதற்கு உதாரணமாக 'ஏக்கம்', 'பொறுமை' இரண்டையும் கொண்டுவந்து காட்டினேன். உள்ளே பராசக்தி இருமினாள். கொக்குக்குப் போனேன். பராசக்தி மறுபடியும் இருமினாள். "கொத்தமல்லி அவிச்சுக் குடியும்," என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு, 'துறவு'க்கு வந்தேன்.

"இது மாடோ, அண்ணை?" என்றார் பஞ்சலிங்கத்தார்.

"துறவு."

"ஓம், ஓம்," என்றார் அவர்.

நல்லம்மா அப்போது முதல் தடவையாக வாய் திறந்தார். "அண்ணை, உந்தக் கட்டையள் எல்லாம் வலு வடிவு. இந்த வீட்டிலை உயிரோடை ஒண்டும் இல்லையோ?"

உள் கதவு அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தது போலத் திறந்தது. பாலேஸ்வரி கோப்பித் தட்டத்தோடு வந்தாள். விறாந்தை முழுக்கச் சிற்பங்கள் பரவிக் கிடந்தன. ஒரு சொட்டுச் சிந்தாமல், எதிலும் இடிபடாமல், அவள் அவற்றுக்கிடையே நடந்து வந்ததை நல்லம்மா பார்த்தார். அவர் முகம் நல்ல மாதிரி மாறியது. "நல்ல பழக்கமான நடை," என்றார். "சின்னனிலை இருந்தே பழக்கம்," என்றாள் மகள். இருவரும் சிரித்தார்கள். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. மானின் மற்றப் பக்கத்தை இன்னும் காட்டவில்லையே என்ற யோசனையில் இருந்தேன்.

கோப்பி குடித்தபின் பஞ்சலிங்கத்தார் சாட்டை ஒரு பக்கம் வைத்தார். "அண்ணை, ஒளிச்சு என்ன. எங்களுக்குப் பிடிச்சிருக்குது. பெடியனுக்கு இப்ப லீவு இல்லை. ஒரு படம் அனுப்பினால் பாத்திட்டு முடிவு சொல்லுவான். உங்களுக்கு உது ஒரு வேலையே? பிள்ளையின்ரை படம் நூறு வைச்சிருப்பியள்."

"நூறோ?" என்று சிரித்தேன். உள்ளே போய் ஆல்பங்களைக் கட்டாகத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

நல்லம்மா மடியில் வைத்துப் புரட்டினார். மான், பக்கத்தில் அடிமட்டம், அதைப் பிடித்தபடி ஒரு கை. கொக்கு, அடிமட்டம், கை.

"இது பிள்ளையின்ரை கையோ?"

"ஓம்."

"இதிலை?"

"உதுவும் கைதான். கொஞ்சம் முழங்கையும் தெரியுது."

"இஞ்சை?"

"உது பின்னல். காத்து அடிச்சது."

நல்லம்மா கடைசி ஆல்பத்தின் கடைசிப் பக்கம் வரை பொறுமையாகப் போனார். ஒரு பாதம் கிடைத்தது. பாவாடையின் கரை கிடைத்தது. காதும் தோடும் உள்ள ஒரு படத்தில் சற்று நம்பிக்கையோடு நின்றார்; அதற்கு மேல் படம் இல்லை, விளிம்பு வந்துவிட்டது. மூடி என்னிடம் தந்தார்.

"பிள்ளையைத் துண்டு துண்டாய் மலாயாவுக்கு அனுப்பேலாது, அண்ணை. முழுசாய் ஒண்டு எடுத்து அனுப்புங்கோ."

அடுத்த நாளே எடுப்பதாக ஒப்புக்கொண்டேன். இராகுகாலத்துக்குச் சற்று முன், முழங்காலில் மறுபடி இடித்துக்கொண்டு, அவர்கள் போனார்கள்.

சனிக்கிழமை காலை நல்ல வெளிச்சம். பராசக்தி தன் கூறைச்சேலையை மகளுக்குக் கட்டி, பூ வைத்து, கிணற்றடி வெளியில் கதிரை போட்டு இருத்திவிட்டாள். நான் பெட்டியை மூன்று காலில் நிறுத்தினேன்.

"அப்பு, இண்டைக்கு அடிமட்டம் வேண்டாமோ?"

"வேண்டாம். இண்டைக்கு நீதான்."

"அப்ப கையை எங்கை வைக்கிறது?"

அவள் விளையாட்டாகக் கேட்கவில்லை. கையை மடியில் வைத்துப் பார்த்தாள், கதிரையில் வைத்துப் பார்த்தாள், ஒன்றும் சரிவராமல் என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியவில்லை. சரி, அது ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு வேறொரு கவலை. மகளுக்குப் பின்னால் வெறும் வேலி. கிடுகு வேலியைப் பார்த்து மலாயாக்காரன் என்ன நினைப்பான்? 'துறவை'த் தூக்கிவந்து கதிரைக்குச் சற்றுப் பின்னால், வலப்பக்கமாக வைத்தேன்.

"அந்தக் கட்டையை எடுங்கோ," என்றாள் பராசக்தி.

"உமக்கு விளங்காது. படத்துக்கு ஒரு பாரம் வேணும்."

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். உள்ளே, கண்ணாடியில், உலகம் தலைகீழாக நிற்கும். மங்கலாக இருப்பதைத் திருகித் திருகித் தெளிவாக்க வேண்டும். எதைத் தெளிவாக்குவது என்பது திருகுகிறவனின் கண் எங்கே போகிறதோ அதைப் பொறுத்தது. என் கண் தான் பழகிய இடத்துக்குப் போனது. பூவரசின் வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பி வந்தன. முறிந்த கொம்பின் அடியில் உளி பட்ட தழும்புகூடத் தெரிந்தது. "ஆடாதை," என்றேன். அவள் ஆடவில்லை. அவள் ஒருநாளும் ஆடியதில்லை.

சிவப்புத் துணி கட்டிய விளக்கடியில் மருந்தில் கழுவி இரண்டு பிரதி எடுத்தேன். நான் எடுத்த படங்களில் அதைப்போல ஒன்று வரவில்லை என்று பெருமிதம் கொண்டேன். ஒரு பிரதியை ஆளிடம் கொடுத்து வட்டுக்கோட்டைக்கு அனுப்பினேன். அன்றே கப்பல் தபாலில் சேர்த்துவிட்டதாகச் செய்தியும் வந்தது. அதன் பிறகுதான் மற்றப் பிரதியைப் பராசக்தியிடம் காட்டினேன்.

அவள் அதை யன்னலடிக்குக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தாள்.

"நல்லாயிருக்குது," என்றாள். "பிள்ளை எங்கை?"

"உதிலைதானே இருக்கிறாள்."

"உதிலை என்ரை கூறைச்சேலை கட்டின ஒரு பனிமூட்டம் இருக்குது."

வாங்கிப் பார்த்தேன். எனக்கு அப்போதுதான் தெரிந்தது. 'துறவு' கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. அதற்கு முன்னால் என் மகளின் முகம், அடுப்புப் புகைக்கு அப்பால் தெரியும் முகம் போல இருந்தது.

என்ன செய்வது? வேறு படம் எடுத்து அனுப்பினால், முதல் படத்தில் எதையோ மறைத்தார்கள் என்று வட்டுக்கோட்டை நினைக்கும். அனுப்பாவிட்டால், பெண்ணுக்கு முகமே இல்லை என்று ஈப்போ நினைக்கும். மூன்றாவது தடவையாகப் பிள்ளையின் காரியம் தட்டிப்போகிறது, இந்தத் தடவை கிரகத்தில் பழி போட வழியில்லை. பராசக்தி என்னோடு சண்டை பிடிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. விறகு நனைந்திருந்த ஒருநாள் 'பொறுமை' அடுப்படிக்குப் போனது. அன்று சோறு பதமாக வெந்திருந்தது.

வாரங்கள் போயின. ஒரு காலை பஞ்சலிங்கத்தார் தனியே வந்தார். இந்தத் தடவை மானைச் சுற்றிக்கொண்டு வந்து கதிரையில் இருந்தார். முகத்தில் ஒரு கூச்சம். பராசக்தி கதவுநிலையைப் பிடித்தபடி நின்றாள்.

"பெடியன் படத்தைப் பாத்திட்டான்," என்றார். "ஒரு கேள்வி கேட்டு எழுதியிருக்கிறான்."

"கேளுங்கோ," என்றாள் பராசக்தி. நிறத்தைக் கேட்பானா, வயதைக் கேட்பானா, கண்ணில் ஏதும் குறையோ என்று கேட்பானா?

"அந்தச் சிலை என்ன மரம் எண்டு கேக்கிறான்."

வாசகரே, உண்மையை எழுதுகிறேன். அந்தக் கணத்தில் எனக்கு என் மகளோ, கலியாணமோ, மலாயாவோ ஞாபகத்தில் இல்லை. "பூவரசு!" என்று கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். பராசக்தி இருந்துவிட்டாள், நிலத்தில்.

"அவனிட்டையும் ஒரு படம் கேட்டு எழுதினனாங்கள்," என்று பஞ்சலிங்கத்தார் சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்தார். "இதைத்தான் அனுப்பியிருக்கிறான்."

மலாயா வீடு ஒன்றின் முன்முற்றம். நடுவிலே மரத்தில் செய்த ஒரு பெரிய பறவை. சொண்டுக்கு மேல் இன்னொரு சொண்டு போல ஏதோ இருந்தது; அந்தத் தேசத்தில் அப்படி ஒரு பறவை உண்டாம். அதற்குப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும் ஓர் அடிமட்டம். அடிமட்டத்தைப் பிடித்தபடி ஒரு கை. அந்தக் கையோடு படம் முடிந்தது.

"இதிலை மாப்பிள்ளை எங்கை?" என்றாள் பராசக்தி.

"கை தெரியுதெல்லோ, தங்கச்சி," என்றார் பஞ்சலிங்கத்தார் மிகவும் பணிவாக.

நான் படத்தைக் கையில் வாங்கினேன். அடிமட்டம் நூல் பிடித்தது போல நேராக நின்றது. உலகத்தில் எனக்கு ஒரு துணை இருக்கிறது என்று அன்றுதான் அறிந்தேன். மகளைக் கொடுக்க ஆயத்தமானேன். வளவைக் கொடுக்க ஆயத்தமானேன். கேட்டால் 'துறவை'யும் கொடுத்திருப்பேன்.

"வேண்டாம்," என்றாள் பராசக்தி. "ஒண்டோடை நான் படுகிற பாடு காணும். என்ரை பிள்ளையை இன்னொரு அடிமட்டத்துக்குக் குடுக்கமாட்டன். குறை நினையாதேங்கோ, அண்ணை."

பஞ்சலிங்கத்தார் தலை குனிந்தார். அந்த நேரத்தில் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"மாமா, அந்தக் கை ஆரின்ரை?"

பெண்பிள்ளை கலியாணக் கதைக்குள் குரல் கொடுப்பது எங்கள் வழக்கம் அல்ல. பஞ்சலிங்கத்தார் திகைத்தார். "அவன்ரைதான், பிள்ளை."

"அப்ப படத்தை எடுத்தது ஆர்?"

"அதுவும் அவன்தான்..." என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார். படம் எடுக்கிறவன் பெட்டிக்குப் பின்னால் நிற்பான். பெட்டிக்குப் பின்னால் நிற்கிறவன் அடிமட்டம் பிடிக்க முடியாது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் என் வாழ்நாளில் நான் அதை யோசித்ததும் இல்லை.

"ஆரையோ வெயிலிலை நிப்பாட்டித்தான் எடுத்திருக்கிறார்," என்றது குரல். "அது ஆர் எண்டு கேட்டுச் சொல்லுங்கோ. பிறகு நான் சொல்லுறன்."

அவர் போன பிறகு ஆல்பங்களை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தேன். ஒவ்வொரு படத்துக்கும் கீழே என் கையெழுத்தில் மரத்தின் பெயர், உயரம், வெளிச்சம், திகதி எல்லாம் இருந்தன. பிழை ஒன்றும் இல்லை. முதல் படங்களில் அந்தக் கை மிகச் சிறியது. அடிமட்டத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருக்கிறது. பிறகு கண்ணாடி வளையல் வருகிறது. பிறகு ஒரு கை போதுமானதாகிறது. மேகம் விலகட்டும் என்று நான் துணிக்குள் காத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அந்தக் கை வெயிலில் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. கை யாருடையது என்று ஒரு படத்தின் கீழும் நான் எழுதியிருக்கவில்லை. என் கை ஒரு படத்திலும் இல்லை.

கப்பல் போய், கப்பல் வந்தது. பஞ்சலிங்கத்தாரும் வந்தார், இந்தத் தடவை நல்லம்மாவும் கூட. சொன்னது நல்லம்மாதான், உள் கதவைப் பார்த்துக்கொண்டு.

"பிள்ளை, கை அவன்ரைதானாம். எல்லாம் திருகிச் சரிபண்ணி வைச்சிட்டு, பக்கத்து அறையிலை இருக்கிற சீனனைப் பெட்டியின்ரை குமிழை ஒருக்கா அமத்தச் சொல்லிப்போட்டு, ஓடிப்போய்ப் பிடிச்சவனாம். வேறை ஆரையும் அந்த வெயிலிலை நிப்பாட்ட மனம் வரேல்லையாம். ஓடின அவசரத்திலை விளிம்புக்கு வெளியாலை நிண்டதாலைதான் முகம் படத்துக்குள்ளை வரேல்லை எண்டு எழுதியிருக்கிறான்."

பராசக்தி என்னைப் பார்த்தாள். நான் மானைப் பார்த்தேன்.

"அப்ப சரி," என்றது குரல்.

இதுதான் நடந்தது. இப்போது உங்களுக்கு வருகிறேன்.

நீங்கள் இவ்வளவு நேரமும் சிரித்திருப்பீர்கள். உங்கள் வீட்டில் உளியும் இல்லை, படப்பெட்டியும் இல்லை என்ற துணிவு. இருக்கலாம். நீங்கள் வெண்பா பாடுகிறவராக இருக்கலாம். ஒட்டுமா வளர்க்கிறவராக இருக்கலாம். உபதேசம் பண்ணுகிறவராகவும் இருக்கலாம். உங்கள் வெண்பாவை இரண்டாம் தடவையும் கேட்டுத் தலையாட்டியது யார்? ஒட்டுமாவுக்கு நீங்கள் ஊரில் இல்லாத நாளில் தண்ணீர் ஊற்றியது யார்? அந்தக் கையை ஒருமுறை தேடிப் பாருங்கள். படத்தின் விளிம்பில் இருக்கும்.

இந்தப் பக்கம் வந்தால் எங்கள் தெல்லிப்பழை வீட்டுக்கு வாருங்கள். நான் ஒன்றும் காட்டமாட்டேன். அடிமட்டத்தை இப்போது நானே பிடிக்கிறேன். பெட்டியின் குமிழை அமத்த மட்டும் ஓர் ஆள் வேண்டும். அதிக நேரம் ஆகாது. குடை ஒன்று கொண்டுவந்தால் நல்லது.

கடைசியாக ஒரு சோதனை. கலியாணம் ஆவணியில் நடந்ததா, தையில் நடந்ததா, மாப்பிள்ளைக்கு முகம் எப்படி இருந்தது, என் மகள் ஈப்போவில் சுகமாக இருக்கிறாளா என்று நான் இன்னும் சொல்லவில்லை. அவற்றைக் கேட்க நினைத்தீர்களானால் நீங்கள் நல்ல மனிதர், பராசக்தி சொல்லுவாள். அதை விட்டு, 'துறவு' இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்க வாயெடுத்தீர்களானால், உங்களுக்கு நான் ஓர் அடிமட்டம் வாங்கி வைத்திருக்கிறேன்.